அம்மாள் கொட்டிலில் கிடந்த இருபது பேர்

கனடாவில் இருக்கிற என் தங்கையின் பேர்த்தி போன மாதம் தொலைபேசியில் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஊர் உலகத்தார் சேர்த்து வைக்கிற தகவல்களை அவளுடைய கம்பெனி பெரிய கட்டடங்களில் வைத்துக் காக்கிறதாம். அடிக்கடி கேட்கப்படுவதைக் கைக்கெட்டிய இடத்தில் வைப்பார்களாம். வருடக்கணக்காக ஒருவரும் திரும்பிப் பாராததை மலிவான இடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே வைக்கச் செலவு சொற்பம், ஆனால் ஒன்றைத் திருப்பிக் கேட்டால் அரை நாள் காத்திருக்க வேண்டுமாம்.

"உங்கடை காலத்திலை இதுகள் ஒண்டும் இல்லைத்தானே தாத்தா" என்றாள்.

எனக்கு வந்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது. நாங்கள் இதை ஐம்பதுகளின் கடைசியில், வவுனியாவுக்கு வடக்கே, தென்னோலைக் கிடுகுக் கூரையின் கீழ், வேப்பங்குழை போட்டு நடத்தினோம். அரை நாளில்லை, மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அந்தக் கொட்டிலை என் வாயாலேயே நான் எரிக்கப் பார்த்த கதையையும் சொன்னேன். எழுதித் தாருங்கள் என்றாள். எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இனி என்னை யார் வேலையால் நிற்பாட்டப் போகிறார்கள்? எழுதுகிறேன்.

எங்களுடையது ஒரு சிறிய காணிக் கந்தோர், அரசாங்க நில அலுவலகம். ஓமந்தைக்கு இப்பால், பெரிய பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே. அதன் சரியான பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். நான் இருபத்துநாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞனாகப் போய்ச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கடிதம் பிரதி பண்ணினேன். ஏழாம் மாதம் பிரதம லிகிதர் அருளம்பலத்தார் தும்மியபோது அவருடைய மூக்குக்கண்ணாடி மைக்கூட்டுக்குள் விழுந்தது. நான் சிரித்தேன். எட்டாம் மாதம் என்னைப் பதிவறைக்கு மாற்றினார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அருளம்பலத்தாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, மூடிய கழுத்துக் கோட்டு, வெயிலோ மழையோ பக்கத்தில் ஒரு கறுத்தக் குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. குரலைப் பாவித்ததே குறைவு. எனக்கும் அவருக்கும் இடையில் இரண்டு யார், ஆறடித் தூரம். ஆனாலும் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் குறிப்பெழுதி, பொருள் போட்டு, கையொப்பமிட்டு, பியோன் காதர் நானாவிடம் கொடுப்பார். காதர் நானா அந்த இரண்டு யாரையும் நடந்து வந்து என்னிடம் தருவார். நான் பதில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். ஏற்றதை நீலப் பென்சிலாலும் ஏற்காததைச் சிவப்புப் பென்சிலாலும் குறித்துத் திருப்பி அனுப்புவார். ஒருமுறை அவருடைய கதிரைக்குக் கீழே பாம்பு போனது. அதையும் எழுதித்தான் அறிவித்தார்.

அப்போது குளத்துக்குக் கீழே புதிய குடியேற்றக் கொலனி திறந்திருந்தார்கள். காணிக் கச்சேரி வைத்து, வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, பிள்ளைகள் எத்தனை, மாடு எத்தனை, முந்தி வயல் செய்தீரா என்று கேட்டு, ஊரார் ஆட்சேபித்தால் அதையும் எழுதி, காணி கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோவை, அதாவது பைல். என் பதிவறையோ ஒரு மாட்டு வண்டிலை உள்ளே விட்டால் மாட்டுக்கு இடமில்லாத அளவு. இறாக்கைத் தட்டுகள் நிறைந்து, கோவைகள் நிலத்துக்கு வந்து, நிலத்தில் கறையான் ஏறத் தொடங்கியது. மேலிடத்துக்கு எழுதி இன்னொரு அறை கேட்டோம். கேட்பாரற்ற கோவைகளை எரித்துவிடுங்கள், இடம் தானாக வரும் என்று பதில் வந்தது.

அருளம்பலத்தார் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எனக்குக் குறிப்பு வந்தது. "எதையும் எரிக்கக் கூடாது. செலவில்லாத ஒரு கூரை தேடுக."

கூரை தேடுவதற்கு முன், எந்தக் கோவை கேட்பாரற்றது என்று அறிய வேண்டுமல்லவா? தூசியைத் தொட்டுப் பார்ப்பது என் யோசனை. அதைச் சிவப்புப் பென்சிலால் வெட்டினார். அன்றுதான் நான் கண்ட அபூர்வமாக, அவரே எழும்பிப் பதிவறைக்கு வந்தார்.

"எடுத்த பைலை எடுத்த இடத்திலை வையாதையும்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். பதிவறையில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"எடுத்ததை இறாக்கையின்ரை இடப்பக்க அந்தத்திலை வையும். அடுத்ததை எடுத்தால் அதையும் இடப்பக்க அந்தத்திலை வையும். ஒரு வருசம் இப்பிடிச் செய்யும்."

"இலக்க ஒழுங்கு குழம்பிப் போமே சேர்?"

"ஒரு இறாக்கையிலை அறுபது பைல். அறுபது இலக்கத்தைப் பாக்க உமக்கு எவ்வளவு நேரம் வேணும்? நீர் வெத்திலை போடுற நேரம் காணும்."

அவ்வளவுதான் முறை. கேட்கப்பட்டவை எல்லாம் இடப்பக்கம் வந்துவிடும். கேட்கப்படாதவை ஒருவரும் தொடாமலே மெல்ல மெல்ல வலப்பக்கம் ஒதுங்கிவிடும். வருட முடிவில் வலப்பக்கத்திலிருந்து ஒரு முழம் அள்ள வேண்டியதுதான். இதைப் பேர்த்திக்குச் சொன்னபோது இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு, நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் தாத்தா என்றாள். எனக்கு அன்று முழுவதும் தலைகால் புரியவில்லை.

கூரையைக் கண்டுபிடித்தவன் நான். கந்தோருக்கு ஒரு மைல் தள்ளி, கொலனிக்குப் போகிற வண்டிப் பாதை வளைகிற ஒரு முடக்கு இருந்தது. முடக்கைத் தாண்டிக் காட்டோரமாக ஒரு கொட்டில். முன்னொரு காலம் அம்மாள் வருத்தமென்கிற அம்மை நோய் பரவியபோது நோயாளிகளை ஒதுக்கி வைக்கக் கட்டியது. அரைச் சுவரும், அதன்மேல் கிடுகு மறைப்பும், கிடுகுக் கூரையும், ஒரு கதவும். வருத்தம் போய்ப் பல வருடமாகியும் அந்தப் பக்கம் ஒரு குருவியும் போவதில்லை. மாடு மேய்ப்பவர்கள்கூடச் சுற்றித்தான் போவார்கள். காவற்காரன் தேவைப்படாத கட்டடம் வன்னி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று எழுதினேன். நீலப் பென்சிலால் ஒரு கோடு மட்டும் வந்தது.

காதர் நானாவும் நானும் வண்டில் பிடித்து ஏற்றினோம். காதர் நானாவுக்குச் சின்ன வயதில் அம்மாள் வந்து முகம் முழுக்கத் தழும்பு. "எனக்கு ஒருக்கா வந்திட்டுது தம்பி, இனி வராது" என்று வேறு எவரும் கால் வைக்காத இடத்தில் போய் நின்று பீடி பற்றினார். செங்கல் அடுக்கிப் பலகை போட்டோம். ஒவ்வொரு கல்லையும் கழிவெண்ணெய் விட்ட சிரட்டைக்குள் நிறுத்தினோம், கறையான் ஏறாமல். கோவைகளை இருபது இருபதாகப் பழைய பாய்த் துண்டில் சுருட்டிக் கட்டி, நடுவே வேப்பங்குழையும் வசம்பும் வைத்தோம். எந்தச் சுருளில் எந்த இலக்கம் என்று என்னிடம் ஒரு கொப்பி. எல்லாமாக இருபது சுருள். கதவுக்குப் பூட்டுப் போட்டு, மிஞ்சிய வேப்பங்குழையைக் காயட்டும் என்று வாசலில் கட்டித் தொங்கவிட்டோம். எரிக்கச் சொல்லி வந்த கடிதத்தையும் அருளம்பலத்தார் ஒரு கோவையில் போட்டு இருபதாவது சுருளுக்குள் அனுப்பிவைத்தார். அந்தக் கோவையை ஒருவரும் கேட்கவேயில்லை.

கொட்டிலில் கிடப்பதைக் கேட்கிறவர் செவ்வாய்க்கு முன் துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். காதர் நானா புதன் போவார், வியாழன் கோவை கைக்கு வரும். துண்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டது அருளம்பலத்தார். காரணம் எழுத வேண்டும் என்றதும் பாதிப் பேருக்குக் கோவை தேவைப்படவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

இனி என் வாயின் கதைக்கு வருகிறேன். இரண்டாம் மாதம் கூரையில் நாலு கிடுகு காணாமற் போனது. மழை வந்தால் என் கோவைகளின் கதி? அந்த வாரம் சந்தையில் ஒருவர் மெல்லக் கிட்ட வந்தார். அவருடைய மாட்டுக் கொட்டிலில் நாலு புதுக்கிடுகு இருந்ததை நான் கண்டிருந்தேன்.

"கிளாக்கர் ஐயா, அம்மாள் கொட்டில் வாசல்லை வேப்பங்குழை தொங்குது. இப்ப அங்கை ஆரேன் கிடக்கினமோ?"

இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. "ஓம். கொலனிப் பக்கத்தாலை கொண்டந்து கிடத்தியிருக்கு. இருபது பேர். கிட்டப் போயிடாதேங்கோ" என்றேன். காலையில்தான் சுருள்களை எண்ணிவிட்டு வந்திருந்தேன். இருபது என்ற இலக்கம் நாக்கில் ஆயத்தமாக இருந்தது.

"இருபது பேரோ! என்ரை அம்மாளாச்சி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் நாலு கிடுகும் கந்தோர் வேலியோரம் கிடந்தன.

அதற்குப் பிறகு ஓர் ஈர்க்குக்கூடக் களவு போகவில்லை. நான் என்னைப் பெரிய மூளைசாலி என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு வரவும் இருந்தது. புதன்கிழமைகளில் காதர் நானா போகும்போது, முடக்கிலிருக்கிற மரத்தடியில் யாரோ இரண்டு இளநீர் சீவி, வாழையிலையால் மூடி வைத்திருப்பார்கள். கிடக்கிற நோயாளிகளுக்காக. முதல் வாரம் காதர் நானா அதைத் தொடவில்லை.

"ஆரோ நேந்து வச்சது தம்பி. பாவம் பிடிக்கும்" என்றார்.

"வச்சது ஆருக்கு? கொட்டிலிலை கிடக்கிற ஆக்களுக்கு. அவையைப் பாக்கிற ஆக்கள் ஆர்? நாங்கள். வெயிலுக்கை கிடந்து பழுதாப் போனால்தான் பாவம்" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து புதன்தோறும் எனக்கொன்று, அவருக்கொன்று. நாலு மாதம் குடித்தோம். நல்ல செவ்விளநீர்.

அந்த நாலாம் மாத முடிவில் ஒரு திங்கட்கிழமை அன்னலட்சுமி கந்தோருக்கு வந்தா. முப்பது வயதிருக்கும். வடமராட்சிப் பக்கத்திலிருந்து கணவனோடு வந்து கொலனியில் மூன்று ஏக்கர் பெற்றவா. கணவன் காய்ச்சலில் இறந்து அஞ்சு மாதம். இப்போது கணவனின் தமையன் வந்து, காணி தம்பியின் பேரில் இருந்தது, இனி எனக்கு என்று மனுக் கொடுத்திருந்தார். அவர்களுடைய கலியாணம் கோயிலில் தாலி கட்டியதுதான், பதியவில்லை. விசாரணை வெள்ளிக்கிழமை.

"தனக்குப் பிறகு காணி எனக்கெண்டு அவர் காணிக் கச்சேரியிலை எழுதுவிச்சுக் குடுத்தவர். நான் பக்கத்திலை நிண்டனான்" என்றா. "அந்தத் தாள் உங்களிட்டை இருக்குத்தானே?"

பதிவேட்டைப் புரட்டினேன். பெயருக்கு நேரே 'கோவை பார்க்க' என்று மட்டும் இருந்தது. கோவையோ கொட்டிலில், ஒன்பதாவது சுருளில். எனக்கு அன்றுதான் ஒரு விஷயம் உறைத்தது. வேலிச் சண்டைக்காரன், தண்ணீர்ச் சண்டைக்காரன், மாதம் ஒரு மனுப் போடுகிறவன், இவர்களின் கோவையெல்லாம் இடப்பக்கத்தில் சுகமாக இருந்தது. ஒருவரோடும் வாய்திறவாமல் வயலைச் செய்துகொண்டிருந்தவனின் கோவைதான் முதலில் காட்டுக்குப் போயிருந்தது. வெட்கமாக இருந்தது.

"இருக்குது. வியாழக்கிழமை வாங்கோ" என்றேன்.

"கட்டாயம் இருக்குமோ ஐயா? அந்தத் தாள் இல்லாட்டி நான் சட்டி பானையோடை றோட்டிலைதான் நிக்கவேணும்."

"நான் சொல்லுறன், இருக்கும்."

துண்டை எழுதி வைத்தா. காரணம் என்ற கட்டத்தில் 'காணி போகாமல் இருக்க' என்று இருந்தது.

செவ்வாய் மாலை காதர் நானாவுக்கு முல்லைத்தீவிலிருந்து ஆள் வந்தது. லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, சுகமில்லை என்று லீவு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி, புதன் மத்தியானத்துக்கு முன் நானே போய் எடுத்து வருவோம் என்று இருந்தேன். இளநீர் இரண்டும் எனக்கு என்ற நினைவும் இருந்ததை மறைக்கமாட்டேன்.

புதன் பதினொன்றரைக்குக் காக்கிக் காற்சட்டையோடு ஒரு சுகாதாரப் பரிசோதகர் உள்ளே வந்தார். புதிதாக மாற்றலாகி வந்த இளந்தாரி. அருளம்பலத்தாருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"சேர், உங்கடை காணியிலை இருக்கிற ஒதுக்குக் கொட்டிலிலை அம்மாள் வருத்தக்காரர் இருபது பேரை ஆரோ ஒளிச்சு வச்சிருக்கினம். ஊர் விதானையார் அறிவிச்சவர். விடியப் போய்க் கூப்பிட்டுப் பாத்தன். சத்தமில்லை. பூட்டுப் போட்டிருக்கு. இடுக்காலை பாத்தால் பலகையிலை சுருட்டின பாய் இருபது. சனம் பாயைப் போட்டிட்டு ஓடியிட்டுது. சட்டப்படி பாயையும் கொட்டிலையும் எரிக்கவேணும். காணிக்காரர் எண்டபடியாலை உங்கடை ஒரு கையெழுத்து வேணும். ஆக்கள் மண்ணெண்ணெயோடை போயிட்டினம். பன்னிரண்டு மணிக்கு நெருப்பு வைக்கச் சொல்லியிருக்கிறன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் தான் மட்டும் கெடும். நான் அன்னலட்சுமியின் மூன்று ஏக்கரையும் கூட்டிக்கொண்டு கெடப் பார்த்தேன்.

அருளம்பலத்தார் என்னைப் பார்த்தார். பென்சிலை எடுத்துக் குறிப்பு எழுதினார். கையொப்பமிட்டார். கையை நீட்டினார். காதர் நானா இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கையை இறக்கவில்லை. நானே எழும்பிப் போய் வாங்கி, என் கதிரைக்குத் திரும்பி வந்து இருந்து வாசித்தேன்.

"பொருள்: கொட்டில். அங்கு கிடப்போர் எத்தனை பேர், எவ்வாறு அங்கு வந்தனர் என்பதை உடன் அறியத் தரவும்."

பதில் எழுதினேன். "பாய்ச் சுருள் இருபது. நோயாளர் எவருமில்லை. இருபது பேர் என்று ஊருக்குச் சொன்னவன் நான். ஒன்பதாவது சுருளில் வெள்ளிக்கிழமை விசாரணைக்குரிய கோவை உண்டு." கொண்டுபோய்க் கொடுத்தேன். 'நான்' என்ற சொல்லின் கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிடம்.

"ஓடும்" என்றார்.

வாயால் அவர் எனக்குத் தந்த மிகச் சின்ன உத்தரவு அது. கொளுக்கியில் மாட்டியிருந்த கொட்டில் பூட்டின் திறப்பைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் பாய்ந்தேன். பரிசோதகர் ஒன்றும் விளங்காமல் தன் சைக்கிளில் என்னைத் துரத்தினார்.

முடக்கில் ஒரு கூட்டம். கொட்டிலடியில் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரும், மூக்கில் சால்வை கட்டிய நாலு பேரும், இரண்டு தகரம் மண்ணெண்ணெயும். நான் சைக்கிளை எறிந்துவிட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே புகுந்தேன். வெளியே கூட்டம் "ஐயோ" என்று கத்தியது. ஒன்பதாவது சுருளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நில்லும்!" என்றார் பரிசோதகர் இருபது யாருக்கு அப்பால் நின்று. "வெளியிலை வராதையும்! உள்ளுக்குப் போன ஆள் பதினாறு நாளைக்கு உள்ளுக்குத்தான்! அந்தப் பாயைக் கீழை போடும், எரிக்கவேணும்!"

"இது பாயில்லை, பைல்! இஞ்சை ஒருத்தரும் கிடக்கேல்லை! முழுக்கக் கடதாசி!"

விதானையார் தலையை ஆட்டினார். "கிளாக்கர் தம்பி, நீங்கள்தானே இருபது பேர் எண்டு சொன்னனீங்கள்?"

"பொய் சொன்னனான்."

"ஏன்?"

"கிடுகு களவு போகாமல் இருக்க."

கூட்டத்தில் ஒருவர் மெல்லப் பின்னுக்குப் போனார். விதானையார் விடவில்லை. "அப்ப நாலு மாசமா முடக்கிலை வச்ச இளநியை ஆர் குடிச்சது? கடதாசியோ?"

சொல்லாமல் தப்ப வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. "நான்தான். நானும் காதர் நானாவும்."

ஒருவரும் நம்பவில்லை. "விசர்க் கதை கதையாதேங்கோ தம்பி. வருத்தக்காரருக்கு வச்ச இளநியை ஆரேன் குடிப்பினமோ? பயத்திலை அலட்டுறார்" என்றார் விதானையார். நாலு மாதம் சொன்ன பொய்யை ஊர் முழுக்க நம்பியது. ஒரு நிமிடம் சொன்ன உண்மையை நம்ப ஆளில்லை. தகரத்தின் மூடியைத் திறந்தார்கள்.

அப்போது முடக்குப் பக்கமிருந்து ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தா. இரண்டு கையிலும் சீவிய இளநீர். அன்னலட்சுமி.

"நான் வச்ச இளநியை நீங்களோ குடிச்சது?" என்று கேட்டா.

எனக்கு நிலம் பிளந்தால் நல்லாயிருக்கும் போலிருந்தது. "ஓம்."

"ஆசுப்பத்திரியிலை கடைசி நாள் அவர் இளநி கேட்டவர். நான் வாங்கிக்கொண்டு போறதுக்குள்ளை முடிஞ்சுது. அதுதான், கிடக்கிற சனமாவது குடிக்கட்டும் எண்டு வச்சனான்."

வாழ்நாளில் அந்த வாசலில் நின்றதுபோல் எங்கேயும் கூனி நின்றதில்லை. அவா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"எத்தினை மாசம் குடிச்சனீங்கள்?"

"நாலு."

"உடம்பிலை ஒரு கொப்பளம் போட்டதோ?"

"இல்லை."

அன்னலட்சுமி பரிசோதகர் பக்கம் திரும்பினா. "ஐயா, இவர் நாலு மாசமா இஞ்சை வந்து போய், இஞ்சை வச்சதைக் குடிச்சிட்டு குத்துக்கல்லு மாதிரி நிக்கிறார். உள்ளுக்கு அம்மாள் இருந்தால், தனக்கு வச்சதைக் குடிச்ச ஆளைச் சும்மா விட்டுவைப்பாவோ?"

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். நாலு பேரும் மூக்கில் கட்டிய சால்வையை அவிழ்த்தார்கள். நான் உண்மை பேசி ஆகாத காரியம், நான் திருடிக் குடித்ததால் ஆயிற்று. அன்னலட்சுமி இளநீரை நிலத்தில் வைத்துவிட்டு, பரிசோதகர் கையை நீட்டித் தடுக்கத் தடுக்க, நேரே கொட்டிலுக்குள் வந்தா.

சுருளை அவிழ்க்கக் கயிற்றில் கை வைத்தேன். "பொறும்" என்று வெளியே ஒரு குரல். கறுத்தக் குடையைப் பிடித்தபடி அருளம்பலத்தார் நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு மைல் வெயிலிலும் கோட்டின் கழுத்துப் பொத்தான் கழன்றிருக்கவில்லை. வாசலில் குடையை மடக்கி, குனிந்து உள்ளே வந்து, பலகையில் இருந்தார்.

"துண்டு எங்கை?" என்றார்.

துண்டு கந்தோரில், என் மேசையில். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு வெறுந்துண்டை எடுத்து நீட்டினார். எரிகிற தறுவாயில் இருந்த கொட்டிலுக்குள், மண்ணெண்ணெய் மணத்துக்குள், நான் துண்டு எழுதி, அன்னலட்சுமி கையெழுத்து வைத்து, அவர் நீலப் பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் சுருளை அவிழ்க்கவிட்டார்.

தாள் இருந்தது. வேப்பிலைக் கறை ஒன்று ஓரத்தில். 'எனக்குப் பின் என் மனைவி அன்னலட்சுமி.' கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. அன்னலட்சுமி அதை விரலால் தொட்டுப் பார்த்தா.

"அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. காணி அனுமதிப் பேமிற் எடுக்கக் கையெழுத்து வேணுமெண்டு நான்தான் மணல்லை எழுதி எழுதிப் பழக்கினனான். இந்த ஒண்டுதான் அவர் தாள்லை போட்டது" என்றா. பிறகு அழுதா. அருளம்பலத்தார் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே பரிசோதகர் வியர்த்துப்போய் நின்றார். தான் எரிக்கப் பார்த்தது அரசாங்கக் கோவைகளை என்று அறிக்கையில் எப்படி எழுதுவது? எரிக்கச் சொன்ன கோவைகளை ஒளித்து வைத்திருந்தோம் என்று நாங்கள்தான் எப்படி எழுதுவது? அருளம்பலத்தார் அவருக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தார். "கொட்டில் பார்வையிடப்பட்டது. நோயில்லை. வேப்பிலை போதியளவு உண்டு." இரண்டு பக்கமும் அதோடு நின்றது.

வெள்ளிக்கிழமை விசாரணை கால் மணித்தியாலம்தான். தாளைப் பார்த்ததும் காணி அன்னலட்சுமிக்கு என்று எழுதினார்கள். தமையனார் பின்னேர வண்டியில் யாழ்ப்பாணம் போய்விட்டார். எனக்கும் ஒரு குறிப்பு வந்தது. "தங்கள் நாக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை என்னிடம் ஒப்படைக்கவும்." கீழே நீலக்கோடு.

போகும்போது அன்னலட்சுமி பதிவறை வாசலில் நின்று, "இனி என்ரை பைலை எங்கை வைப்பியள்?" என்று கேட்டா. முறையை விளக்கினேன். கேட்டது இடப்பக்கம், கேளாதது வலப்பக்கம், வலப்பக்கத்தால் கொட்டிலுக்கு.

"அப்ப வருசத்துக்கு ஒருக்கா வந்து கேட்டால் அங்கை போகாதோ?"

"போகாது."

வந்தா. வருடந்தோறும் வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வருவா. துண்டு எழுதி, கோவையை வாங்கி, அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவா. காரணக் கட்டத்தில் 'கையெழுத்துப் பார்க்க' என்றிருக்கும். இரகசியம் வெளியே போய், கொலனியே வருடத்துக்கு ஒருமுறை தன் தன் கோவையைக் கேட்கத் தொடங்கியது. வலப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனது. கொட்டிலிலிருந்து கோவைகள் சுருள் சுருளாகக் கந்தோருக்குத் திரும்பி வந்தன. கடைசியில் மேலிடம் தோற்றுப் புது அறை கட்டித் தந்தது. காதர் நானா இளநீரை நினைத்துக் கன நாள் கவலைப்பட்டார்.

ஒரு வருடம் கடும் வெள்ளம். பாதை அறுந்து, கொலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. வருட முடிவில் பார்க்கிறேன், அன்னலட்சுமியின் கோவை வலப்பக்க அந்தத்தில் நிற்கிறது. கொட்டில் இல்லைத்தான், அங்கே நின்றாலும் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு துண்டை எடுத்து, கேட்பவர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'இளநீர்' என்று எழுதி, காதர் நானாவிடம் கொடுத்து, இரண்டு யார் தூரம் அனுப்பினேன்.

அருளம்பலத்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார், வைத்தார். துண்டு திரும்பி வந்தபோது நீலத்தில் இரண்டு சொல் இருந்தது.

"காரணம் போதும்."

கோவையை எடுத்து இடப்பக்க அந்தத்தில் வைத்தேன்.